ஒரே இழுப்பில் ஐந்து வேலை: புரோகிரஸிவ் ரீலோடிங் பிரஸ் எப்படி இயங்குகிறது, எங்கே சிக்குகிறது

சுட்டு முடித்த தோட்டாவில் மிஞ்சுவது பித்தளைக் கூடு மட்டும்தான். குண்டு போய்விட்டது, பவுடர் எரிந்துவிட்டது, பவுடரைப் பற்றவைக்க அடியில் இருக்கும் பிரைமர் என்ற சின்ன வெடிமூடி ஒருமுறை வெடித்ததோடு தீர்ந்தது. கூட்டுக்கு மட்டும் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. அழுத்தத்தில் கொஞ்சம் வீங்கியிருக்கும், உள்ளே கரி படிந்திருக்கும். அதைப் பழைய அளவுக்கு இறுக்கி, புதுப் பிரைமர், பவுடர், குண்டு மூன்றையும் சேர்த்தால் மறுபடி ஒரு தோட்டா. இதற்குப் பெயர்தான் ரீலோடிங். அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடும் போட்டிகளுக்குப் போகிறவர்களிடம் இது மிகப் பரவலான வேலை.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப மத்திய அரசு உரிமம் தேவையில்லை. விற்பதற்காகச் செய்தால் தேவை. மாநிலத்துக்கு மாநிலம் கூடுதல் விதிகளும் உண்டு. இந்தியாவில் கதையே வேறு: 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இந்தக் கட்டுரை பேசுவது, இது அனுமதிக்கப்பட்ட இடத்தில் இருப்பவரின் மேஜையைப் பற்றி.

இந்த வேலைக்கான கைப்பிடி இயந்திரம்தான் ரீலோடிங் பிரஸ். அதில் எளியது சிங்கிள் ஸ்டேஜ். ஒரு நேரத்தில் ஒரு டை (கூட்டை இறுக்கவோ குண்டை அமர்த்தவோ மேலே மாட்டும் அச்சு), ஒரு கூடு, ஒரு வேலை. நூறு கூடுகளை முதலில் இறுக்கி வைத்துவிட்டு, டையை மாற்றி, அதே நூறையும் அடுத்த வேலைக்கு எடுக்க வேண்டும். மெதுவாகத்தான் போகும். ஆனால் எல்லாம் கண்முன் நடக்கும். புரோகிரஸிவ் பிரஸ் இதைத் தலைகீழாக்குகிறது. நாலைந்து டைகள் வட்டமாக மேலே நிற்கும். கீழே ஷெல் பிளேட் என்ற வட்டத் தட்டு, குடைராட்டினம் மாதிரி கூடுகளைச் சுமந்தபடி ஒவ்வொரு டைக்கும் கீழே கொண்டுபோய் நிறுத்தும். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் தட்டில் உள்ள எல்லாக் கூடுகளுக்கும் ஒரே சமயத்தில் அவரவர் வேலை நடந்துவிடும். தட்டு நிரம்பியபின் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டா வெளியே விழும்.

சில மாடல்களில் தட்டை நாமே கையால் திருப்ப வேண்டும். டில்லன் 550 அந்த வகை. அதே நிறுவனத்தின் 750, ஹார்னடியின் லாக்-என்-லோட் ஏபி போன்றவற்றில் தட்டு தானாகத் திரும்பும். எது நல்லது என்ற சண்டை முடியாது. ஆனால் கோளாறு வரும் விதம் இரண்டிலும் வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

ஸ்டேஷன்களில் என்னதான் நடக்கிறது

தட்டு வந்து நிற்கும் ஒவ்வொரு இடமும் ஒரு ஸ்டேஷன். பிஸ்டலில் போடும் 9 மி.மீ. லூகர் தோட்டாவை வைத்துப் பார்ப்போம். முதல் ஸ்டேஷனில் டை கூட்டைச் சுற்றி இறுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறது. அதன் நடுவில் உள்ள ஊசி பழைய பிரைமரைக் கீழே தள்ளுகிறது. புதுப் பிரைமர் ஏறுவது இதே இடத்திலோ அடுத்ததிலோ, மாடலைப் பொறுத்தது. அப்புறம் கூட்டின் வாயைக் குண்டு உட்காரும் அளவுக்குச் சற்று விரித்து, பவுடரைக் கொட்டும் ஸ்டேஷன். அடுத்தது பவுடர் மட்டத்தைச் சோதிக்கும் இடம், ஐந்து ஸ்டேஷன் உள்ளவற்றில் மட்டும் இதற்கு இடம் கிடைக்கும். பிறகு குண்டைக் கையால் வாயில் வைத்தால் டை அதைச் சரியான ஆழத்துக்கு அழுத்தும். கடைசியில் கிரிம்ப்: விரித்த வாயைத் திரும்ப மூடிவிடுவது.

இந்தக் கடைசி வேலையைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 9 மி.மீ. தோட்டா துப்பாக்கியின் அறையில் எவ்வளவு ஆழம் போகும் என்பதைத் தீர்மானிப்பது கூட்டின் வாய் விளிம்பு. அந்த விளிம்பை உள்ளே மடித்துவிட்டால் தோட்டா ஆழமாகப் போய்விடும். ஆகவே இங்கே கிரிம்ப் என்றால் விரித்ததை நேராக்குவது, அவ்வளவே. வாயின் வெளி விட்டம் 0.380 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. .38 ஸ்பெஷல் போன்ற ரிவால்வர் தோட்டாவுக்கு அடி விளிம்பே ஆதாரம், அதனால் வாயைக் குண்டின் பள்ளத்துக்குள் மடித்து இறுக்கலாம், இறுக்கத்தான் வேண்டும். குண்டு ஆடுகிறது என்று 9 மி.மீ.க்குக் கிரிம்பைக் கூட்டிக்கொண்டே போனால் பிடி இன்னும் தளரும். பித்தளை அழுத்தியபின் சற்று விரிந்து திரும்பும், ஈயம் திரும்பாது. குண்டைப் பிடித்து வைப்பது முதல் ஸ்டேஷனில் நடந்த இறுக்கம்தான்.

கை என்ன சொல்கிறது, என்ன சொல்வதில்லை

புரோகிரஸிவ் பிரஸ்ஸைப் புரிந்துகொள்ள இது ஒன்று போதும் என்பேன். கைப்பிடியில் நம் கைக்குத் தெரிவது எல்லா ஸ்டேஷன்களின் எதிர்ப்பும் சேர்ந்த கூட்டுத்தொகை. அதில் பெரும்பங்கு முதல் ஸ்டேஷனில் கூட்டை இறுக்குவதற்குப் போகிறது. குண்டை அமர்த்துவதும் கிரிம்பும் கொஞ்சம். பவுடர் விழுவதற்கு ஏறக்குறைய எதுவுமே இல்லை. பவுடர் விழுந்தாலும் விழாவிட்டாலும், இரண்டு முறை விழுந்தாலும் கைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும்.

அதாவது மிக ஆபத்தான ஸ்டேஷன்தான் கைக்கு எதையும் சொல்லாத ஸ்டேஷன். அதற்குக் கண் வேண்டும். குண்டை வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும், ஒவ்வொன்றையும். இதற்காகவே பிரஸ்ஸின் சட்டத்துக்குள் ஒரு சின்ன எல்இடி விளக்கு ஒட்டுகிறார்கள். கடையில் விற்கும் அலங்காரச் சாமான்களில் உருப்படியானது எது என்று கேட்டால் இந்த விளக்கைத்தான் சொல்வேன்.

அமைப்பது

பிரஸ்ஸை வைக்கும் மேஜை ஆடக் கூடாது. கனமான பலகை, அதை ஊடுருவிப் போகும் போல்ட், முடிந்தால் சுவரோடும் ஒரு பிடி. மேஜை நெளிந்தால் பிரைமர் அமரும் ஆழம் ஒவ்வொரு தோட்டாவிலும் மாறும், பவுடர் அளப்பானும் குலுங்கும். உட்கார்ந்து செய்தாலும் நின்று செய்தாலும், பவுடர் விழுந்த கூட்டின் உள்ளே கழுத்தை நீட்டாமல் பார்க்கிற உயரம் வேண்டும்.

டைகளின் மரை எல்லா முக்கிய நிறுவனங்களுக்கும் பெரும்பாலும் ஒரே அளவு, எட்டில் ஏழு அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை. முதல் டையை, தட்டை ஏற்றி இறக்கும் தண்டு உச்சியில் இருக்கும்போது தட்டைத் தொடும்வரை இறக்கி, ஒரு துளி மேலே விடுவது வழக்கம். இங்கே புதியவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. தட்டில் ஒரே ஒரு கூட்டை வைத்து எல்லா டைகளையும் சரிசெய்து, காலிப்பரில் அளந்து, திருப்தியாகி, பிறகு தட்டை நிரப்பி ஓட்டினால் தோட்டாவின் நீளம் மாறியிருக்கும். காரணம் எளிது. தட்டு நிரம்பியதும் அழுத்தம் எல்லாப் பக்கமும் விழுகிறது, தட்டு சாய்வது வேறு விதமாக இருக்கிறது. ஆகவே முதல் சுற்றைத் தனிக் கூட்டில் செய்யுங்கள், ஒவ்வொரு ஸ்டேஷனும் தனியாக என்ன செய்கிறது என்று அதில்தான் தெரியும். கடைசித் திருத்தத்தைத் தட்டு நிரம்பிய நிலையில் செய்யுங்கள். டையின் பூட்டு நட்டை இறுக்கும்போது உள்ளே ஒரு கூடு இருக்கட்டும், டை நடுவில் நிற்க அது உதவும்.

பவுடரின் எடைக்கு அச்சிட்ட ரீலோடிங் கையேடு மட்டுமே ஆதாரம். நண்பர் சொன்னது, எங்கோ படித்தது எதுவும் ஆகாது. கையேட்டில் உள்ள ஆரம்ப அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும், உச்ச அளவிலிருந்து அல்ல. எடையைச் சொல்வது கிரெயினில்: ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின், ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம். பிரஸ்ஸில் உள்ள அளப்பான் எடையை அளப்பதில்லை, கொள்ளளவை அளக்கிறது. பெட்டியில் பவுடர் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து எடை மாறும். அதனால் புதிதாக நிரப்பியபின் முதல் பத்துப் பதினைந்து அளவைத் திரும்பப் பெட்டியிலேயே கொட்டிவிட்டு, அப்புறம் தராசில் வைக்க வேண்டும். ஓட்டம் தொடங்கியபின்னும் அவ்வப்போது ஒன்றை எடுத்து நிறுக்க வேண்டும். தராசையும் சோதனை எடைக்கல் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

முழுத் தோட்டா வந்ததும் நீளம் பாருங்கள். 9 மி.மீ. லூகருக்கு அமெரிக்கத் தர அமைப்பு வைத்திருக்கும் உச்ச நீளம் 1.169 அங்குலம், அதாவது 29.69 மி.மீ. ஆனால் அது எந்தக் குண்டுக்கும் தாண்டக் கூடாத எல்லை. உங்கள் குண்டுக்கான நீளம் கையேட்டில் வேறாக இருக்கும், பெரும்பாலும் குறைவாக. துப்பாக்கியிலிருந்து கழற்றிய குழலின் அறைக்குள் தோட்டாவைப் போட்டால் டொக் என்று விழ வேண்டும், கவிழ்த்தால் தானே வெளியே வர வேண்டும். இந்தச் சோதனை இலவசம், அதைத் தவிர்ப்பதற்குக் காரணமே கிடையாது. இன்னொன்று: தோட்டாவின் முனையை மேஜையில் வைத்துக் கட்டைவிரலால் பலமாக அழுத்தி, திரும்ப நீளம் அளங்கள். குறைந்திருந்தால் குண்டு உள்ளே சரிகிறது என்று அர்த்தம். துப்பாக்கிக்குள் ஏறும்போதும் அப்படித்தான் சரியும், உள்ளிடம் குறையும், அழுத்தம் எகிறும்.

சிக்கும்போது

கைப்பிடி வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்கமாக வந்தால் நிறுத்துங்கள். தள்ளிப் பார்க்கத் தோன்றும், வேண்டாம். மேலே சொன்ன கூட்டுத்தொகைக் கணக்கு இங்கேதான் தொல்லை தருகிறது: எதிர்ப்பு எந்த ஸ்டேஷனிலிருந்து வருகிறது என்று கை சொல்லாது. ஆகவே கூடுகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பாருங்கள். எதை எடுத்ததும் இறுக்கம் போகிறதோ அங்கேதான் கோளாறு. பவுடர் விழும் இடத்திலும் அதற்கு அடுத்த இடத்திலும் உள்ள கூடுகளை யோசிக்காமல் எடுத்து, பவுடரை அளப்பானிலேயே திரும்பக் கொட்டிவிடுங்கள்.

சிக்கலில் பாதி வருவது கூடுகளிலிருந்து. 9 மி.மீ. கூடுகளோடு .380 ஏசிபி கூடுகள் கலந்திருக்கும். பார்வைக்குத் தம்பி மாதிரி, இரண்டு மில்லிமீட்டர் குட்டை. ராணுவக் கூடுகளில் பிரைமர் விழாமல் இருக்கப் பிரைமர் குழியின் விளிம்பை நசுக்கி விட்டிருப்பார்கள், அந்த நசுக்கலை நீக்காமல் புதுப் பிரைமரை ஏற்ற முயன்றால் அது சப்பையாகும், சிலசமயம் பக்கவாட்டில் நுழையும். .45 ஏசிபி கூடுகளில் சிறிய பிரைமர் குழி உள்ளவையும் பெரியவையும் இரண்டும் சந்தையில் உண்டு. பெரிய பிரைமருக்கு அமைத்த பிரஸ்ஸில் சிறிய குழிக் கூடு வந்தால் கைப்பிடி கல் மாதிரி நிற்கும். உள்ளே பிரைமர் இருக்கிறது, அது அழுத்தினால் வெடிக்கிற பொருள், ஆகவே பலம் காட்ட வேண்டிய இடம் இது இல்லை. ஊசி அடிக்கடி உடைகிறதா? கூட்டின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு துளை என்றால் பாக்ஸர் வகை, சரி. ஓரமாக இரண்டு துளை என்றால் பெர்டன் வகை, அதை இந்த பிரஸ்ஸில் செய்ய முடியாது. இரண்டும் உருவாக்கியவர்களின் பெயர்கள். வேடிக்கை என்னவென்றால், பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டன் அமெரிக்கர். இன்று அமெரிக்காவில் ஓடுவது ஆங்கிலேயருடையது.

பிரைமர் மேலே துருத்திக்கொண்டிருப்பது இன்னொரு நிரந்தரத் தொல்லை. அது அடிப்பரப்புக்குச் சற்று கீழே அமர வேண்டும், விரலால் தடவினால் பள்ளம் தெரிய வேண்டும். துருத்தினால் ரிவால்வரின் உருளை திரும்பாமல் மாட்டும், பிஸ்டலில் முதல் அடி பிரைமரை உள்ளே தள்ளுவதற்கே செலவாகிச் சுடாமல் போகும். பெரும்பாலும் காரணம் ஷெல் பிளேட்டின் நடு போல்ட் தளர்ந்திருப்பது. ரொம்ப இறுக்கினால் தட்டு விட்டு விட்டுத் திரும்பும். தட்டு ஆடாமலும் உரசாமலும் இருக்கும் இடத்தைப் பிடித்து, அந்தப் போல்ட்டுக்கு என்று உள்ள சிறு திருகை இறுக்குங்கள். பிரைமரின் முகத்தில் குண்டூசி குத்தியது போலச் சின்னப் பள்ளம் தெரிந்தால், பிரைமரை மேலே தள்ளும் தண்டின் தலையில் ஒரு பவுடர் துகள் ஒட்டியிருக்கிறது. பிரைமர்களை எடுத்துவிட்டுத் துடைத்தால் போயிற்று.

அந்தப் பவுடர் அங்கே எப்படி வந்தது? தானாகத் திரும்பும் தட்டு ஒவ்வொரு இடத்திலும் டக் என்று போய் நிற்கும்போது நிரம்பிய கூட்டிலிருந்து சில துகள்கள் எகிறிவிடும். 9 மி.மீ. போன்ற குட்டைக் கூட்டில் இது அதிகம். திருப்பத்தின் கடைசிப் பகுதியில் கைப்பிடியை மெதுவாக்குவதுதான் முதல் மருந்து. தட்டை அந்தந்த இடத்தில் பிடித்து நிறுத்தும் சின்ன உலோக உருண்டைக்குக் கீழே உள்ள ஸ்பிரிங்கை இளக்குவது இரண்டாவது.

இனி, கைக்குத் தெரியாத அந்தக் கோளாறு. கையால் திருப்பும் பிரஸ்ஸில், பவுடர் விழுந்தபின் யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பிப் பார்த்து, தட்டைத் திருப்ப மறந்து மறுபடி இழுத்தால் அதே கூட்டில் இரண்டாம் முறை விழும். தானாகத் திரும்பும் பிரஸ்ஸில் இது சுலபத்தில் நடக்காது, ஆனால் நடுவில் சிக்கி, கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டிச் சரிசெய்யும்போது நடக்கும். பிஸ்டல் தோட்டாவுக்குப் போடும் பவுடர் சில கிரெயின் மட்டுமே, பல பவுடர்களில் இரண்டு மடங்கும் வழியாமல் கூட்டுக்குள் அடங்கிவிடும். 9 மி.மீ. லூகருக்கு நிர்ணயித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. இரட்டைப் பவுடர் அதை எங்கேயோ கொண்டுபோகும், துப்பாக்கி கையிலேயே சிதறும்.

இதன் மறுபக்கம் பவுடரே இல்லாத தோட்டா, ஸ்குவிப் என்பார்கள். பவுடர் பெட்டி காலியானதைக் கவனிக்காதது, கைப்பிடியை முழுதாக இழுக்காமல் பாதியில் விட்டது, இரண்டும் காரணமாகலாம். பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலுக்குள் நடுவில் நிறுத்திவிடும். சுடுகிறவர் 'பட்' என்று சின்னச் சத்தம் கேட்டு, சரி அடுத்தது என்று அழுத்தினால் இரண்டாம் குண்டு முதலாவதில் மோதும், குழல் வெடிக்கும். சத்தம் வித்தியாசமாகக் கேட்டால் துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி சற்றுப் பொறுத்து, காலி செய்து, குழலுக்குள் பார்க்காமல் மேற்கொண்டு ஒரு விரலும் அசையக் கூடாது.

பவுடர் சோதிக்கும் டை இதற்குத்தான். மட்டம் கூடினாலோ குறைந்தாலோ மணி அடிக்கும் வகை உண்டு, பிரஸ்ஸையே நிறுத்தும் வகையும் உண்டு. ஐந்தாவது ஸ்டேஷனுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது இதற்காகவே தகும். ஆனால் இது பெரிய வித்தியாசத்தைத்தான் பிடிக்கும். அரைக் கிரெயின் கூடுதலைப் பிடிக்காது, அதற்குத் தராசுதான்.

மேஜையைச் சுற்றி

பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பிரைமரின் பக்கம் போகக் கூடாது. பிரைமர்களைக் கடையில் வந்த பெட்டியிலேயே வைத்திருக்க வேண்டும். கண்ணாடி ஜாடியில் மொத்தமாகக் கொட்டினால் ஒன்று வெடித்தால் அனைத்தும் வெடிக்கும். பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் உண்டு, ஆகவே சுட்ட கூட்டின் கரியிலும் அதைத் தூய்மை செய்யும் உலர் தூளிலும் ஈயம் இருக்கும். மேஜையில் சாப்பிடுவதோ குடிப்பதோ வேண்டாம், முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். கூடுகளைத் தண்ணீரில் சுத்தம் செய்தால் தூசி பறக்காது.

வீட்டில் வைக்கும் அளவுக்கும் வரம்பு உண்டு. அமெரிக்கத் தீப் பாதுகாப்பு விதித்தொகுப்பான என்எஃப்பிஏ 495-இன்படி குடியிருப்பில் பவுடர் அதன் அசல் டப்பாக்களில் 20 பவுண்டு வரை வைக்கலாம், 50 பவுண்டு வரை என்றால் ஒரு அங்குலத் தடிமன் உள்ள மரப்பெட்டிக்குள். பிரைமர் 10,000 வரை. ஊர் விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் செல்லும். இரும்புப் பெட்டியில் இறுக்கப் பூட்டி வைப்பது பாதுகாப்பு என்று தோன்றும், ஆனால் தீப்பிடித்தால் பவுடரின் வாயு வெளியேற வழி வேண்டும். விதி மரத்தைக் கேட்பதன் காரணம் அது.

மேஜையில் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் நிற்க வேண்டும், அளப்பானில் இப்போது எது இருக்கிறதோ அது. வேலை முடிந்ததும் அளப்பானில் மிஞ்சியதை அன்றைக்கே அதே டப்பாவில் திரும்பக் கொட்டிவிடுங்கள். சில பவுடர்கள் பிளாஸ்டிக்கை அரித்து மங்கலாக்கும். அதைவிட, அடுத்த வாரம் வந்து பார்த்தால் உள்ளே இருக்கும் கறுப்புத் துகள் எது என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படி அடையாளம் தெரியாமல் மிஞ்சியதை எந்த டப்பாவிலும் சேர்க்கக் கூடாது. வெளியே திறந்த மண்ணில் மெல்லியதாகத் தூவிவிடுவதே வழக்கம்.